வேனுக்கு தனி ஜிபிஎஸ் வாங்கலாமா? (ஹட்டன், டயகம, நுவரெலியா ஓட்டம்)

டயகம வேன்:
ஹயர் ஓடுற வேனுக்கு ஜிபிஎஸ் ஒண்ணு தேடுறேன். தோட்டப் பக்கம் உள்ளுக்குப் போனா போன்ல டேட்டா நின்னுடுது. பாவிச்ச கார்மின் ஜிபிஎஸ் பெட்டி, 5 இன்ச், வெளிநாட்டுல இருந்து வந்தது, விலைக்கு வருது. வேன்லயே ஜப்பான் நெவி ஒண்ணு இருக்கு, அதுல இலங்கை மேப் ஏத்த முடியுமா? வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

மலைப்பாதை:
ஜப்பான் நெவியை விட்டுடுங்க தம்பி. அது ஜப்பான் மேப்புக்கு மட்டும் செஞ்ச சாமான். உள்ள இருக்கிற கார்ட்டைக் கழட்டினா சில யூனிட் முழுசா பூட்டிக்கும், பிறகு ரேடியோவும் இல்லை.

டவர் வேற, ஜிபிஎஸ் வேற. செய்மதி 20,200 கிலோமீட்டர் உயரத்துல இருக்கு, டயகமைக்கும் கொழும்புக்கும் அதுக்கு ஒண்ணுதான். டேட்டா போனா நிக்கிறது மேப் மட்டுமே. அதனால பெட்டியை விட அதுக்குள்ள என்ன மேப் இருக்குங்கிறதுதான் பேச்சு. வெளிநாட்டு கார்மின்ல பெரும்பாலும் அந்த நாட்டு மேப்தான் இருக்கும். இலங்கைக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்கிற பொது மேப்பை கார்மின் வடிவத்துல இலவசமா இறக்கலாம். மைக்ரோ எஸ்டி கார்ட்டை ஃபேட்32ல ஃபார்மேட் பண்ணி, 'Garmin'னு இங்கிலீஷ்ல ஒரு ஃபோல்டர் போட்டு ஃபைலை அதுல வைங்க. 8 ஜிபி கார்ட் தாராளம். 64 ஜிபி போட்டா பழைய யூனிட் கண்டுக்காது. பிறகு செட்டிங்கில பழைய மேப்பை அணைச்சு புதுசை டிக் பண்ணணும். இதை மறந்துட்டுத்தான் பலர் "மேப் வரல"ன்னு திருப்பிக் கொடுக்கிறாங்க. கார்ட் போடுற ஓட்டை இல்லாத மாடலா இருந்தா வாங்காதீங்க.

கையில வாங்கின உடனே திகதியைப் பாருங்க. ஜிபிஎஸ் திகதியை கணக்குப் போடுற வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்பும். கடைசியா நடந்தது 2019 ஏப்ரல் 6. அப்டேட் ஆகாத பெட்டி இருபது வருசம் பின்னால போய் நிக்கும். திரை ஓரம் தூக்கி நின்னா பேட்டரி ஊதியிருக்கு, தொடவே வேணாம்.

கடைக்குள்ள வச்சு சோதிக்கக் கூடாது. வானம் நல்லா தெரியிற இடத்துல, வண்டியை நிப்பாட்டி, கால் மணித்தியாலம் விடுங்க. ரொம்ப நாள் அணைஞ்சு கிடந்த பெட்டிக்கு செய்மதி அட்டவணை முழுசா இறங்கவே பன்னிரண்டரை நிமிசம் எடுக்கும்.

கராஜ் பக்கம்:
மின்சாரத்தையும் கவனிக்கணும். பழைய கார்மினுக்கு சாதாரண யூஎஸ்பி டேட்டா வயரைக் குத்தினால், கம்ப்யூட்டரில் மாட்டியதாக நினைத்து மேப்பை மூடிவிடும். கூட வந்த கார் வயரையே கேட்டு வாங்குங்கள். உங்கள் வேன் 12 வோல்ட். நாளைக்கு லொறிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் அடாப்டரில் 12-24 என்று எழுதியிருக்க வேண்டும்.

மலிவு டேஷ்கேமுக்குப் பக்கத்தில் ஒட்டாதீர்கள். அதன் மின் இரைச்சல் ஜிபிஎஸ் சிக்னலையே விழுங்கிவிடும். உலோகம் கலந்த டின்ட் ஒட்டின கண்ணாடியிலும் இதே கதை. நுவரெலியா பனியில் சக்ஷன் கப் விடியும் முன்னே கழன்று விழும்; கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு அழுத்துங்கள்.

லிந்துலை வாசி:
செட்டிங்கில 'குறுகிய வழி' வேணாம், 'விரைவான வழி' போடுங்க. மண் பாதையைத் தவிர்க்கிறதையும் ஆன் பண்ணுங்க. இல்லாட்டி தேயிலை மலைக்கு நடுவால லயத்து வாசல்ல கொண்டுபோய் விடும், அங்கால கேட் பூட்டியிருக்கும். மேப்புக்கு நீளம் தெரியும், சரிவு தெரியாது. நானுஓயாவில இருந்து ராதெல்லைக்கு இறங்குற குறுக்குப் பாதையை அது சந்தோசமா காட்டும். கனரக வாகனத்துக்கு அங்க தடை. ஆள் நிறைஞ்ச வேன்னா நீங்களும் தலவாக்கலை பெரிய ரோட்டாலயே போங்க.

அது சொல்ற நேரத்தையும் நம்பாதீங்க. ஹட்டன்-நுவரெலியா ஏ7 ரோட்டை நேர் ரோடுன்னு நினைச்சு கணக்குப் போடுது. வளைவுல பஸ்ஸுக்குப் பின்னால மாட்டினா மணிக்கு 25 கிலோமீட்டர்தான்.

டயகம வேன்:
நன்றி அண்ணே. தோட்டத்து டிவிசனுக்கு விலாசமே இல்லையே, எப்படித் தேடுறது?

மலைப்பாதை:
வரச்சொன்னவங்ககிட்ட வட்ஸ்அப்ல லொகேஷன் வாங்கி, அதுல வர்ற அகலாங்கு, நெட்டாங்கு எண்ணை அடிங்க. பெட்டி எந்த முறையில கேக்குதுன்னு பார்த்துக்கணும். நுவரெலியா டவுன் சுமாரா 6.97, 80.78. பாகை-நிமிட முறைன்னா அது 6 பாகை 58.2 நிமிசம், 80 பாகை 46.8 நிமிசம். தசமத்தை 60ஆல பெருக்காம 97 நிமிசம்னு அடிச்சா பெட்டி ஏத்துக்காது. அதை விட மோசம், 6.45ஐ 45 நிமிசம்னு அடிக்கிறது. அதை ஏத்துக்கும், ஆனா 30 கிலோமீட்டருக்கு மேல தள்ளிக் கொண்டுபோய் விடும்.

லிந்துலை வாசி:
போன்லயும் ஓர்கானிக் மேப்ஸ் ஆப்ல இலங்கை மேப்பை முன்னமே இறக்கி வைங்க. பெட்டிக்கும் அதே மேப்தான். பெட்டி மக்கர் பண்ற அன்னைக்கு அது ஓடும்.