பட்டினி போட்டால் கிளி பழகுமாம்!

பொருநைக்காரி:
"அடிபட்ட கிளியா? இரண்டு நாள் தீனித் தட்டை எடுத்துவிடுங்கள். மூன்றாம் நாள் உள்ளங்கையில் நெல்லை வைத்து நீட்டுங்கள், தானாக வந்து உட்காரும்." நேற்று பேட்டை அண்ணாச்சி கடையநல்லூர்த் தம்பிக்குச் சொன்ன யோசனை இது. தம்பி கேட்டது வேறு. வீட்டுக்குக் கொண்டுவந்த கிளி ராத்திரியில் அலறுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டான். அதற்கு இப்படி ஒரு பதில், கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது இருக்கிற செந்தார்ப் பைங்கிளி, நாம் பச்சைக்கிளி என்கிறோமே அதுதான், ஒரு ஜோசியக் கூண்டில் இருந்தது. வனத்துறை பறிமுதல் செய்தபோது இரண்டு பக்கமும் சிறகை ஒட்ட நறுக்கியிருந்தார்கள். பறக்க வருகிற வரை பார்த்துக்கொள்ளும்படி எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்திருக்கிறார்கள். கை நீட்டினால் மூலைக்குப் போய் ஒடுங்கிவிடும். ஆனால் சீட்டு மாதிரி எதைப் பார்த்தாலும், அது கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும், குடுகுடுவென்று வந்து அலகால் இழுக்கும். இழுத்துவிட்டு நெல்லுக்காக அண்ணாந்து பார்க்கும். சீட்டுக்கு ஒரு நெல், எடுக்காவிட்டால் அதுவும் கிடையாது. அப்படித்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். எந்தப் பசியிலிருந்து அதை வெளியே கொண்டுவந்தோமோ, அதே பசியை நாமும் காட்ட வேண்டுமா?

பச்சைக்கிளியின் எடையே 120 கிராம் சுற்றித்தான் இருக்கும். அந்த உடம்பில் இரண்டு நாளுக்குச் சேமிப்பு எங்கே இருக்கிறது? மெலிந்தாலும் வெளியே தெரியாது, இறகு மூடிக்கொள்ளும். நெஞ்செலும்பைத் தொட்டுப் பார்த்தால்தான் கத்தி முனை போல நிற்பது தெரியும். தெரிகிறபோது நேரம் கடந்திருக்கும்.

பேட்டை அண்ணாச்சி:
தங்கச்சி, படித்துவிட்டு எழுதுங்கள். பட்டினி என்ற சொல்லை நான் எழுதவே இல்லை. தட்டை எடுக்கச் சொன்னேன். தண்ணீர் உள்ளேதான் இருக்கும். வயிற்றைக் கொஞ்சம் காயப் போடுவது வேறு, பட்டினி வேறு.

எங்கள் அப்பா காலத்திலிருந்து வீட்டில் கிளி இருக்கிறது. ஒரு கிளி என் தோளில் உட்கார்ந்து ஜங்ஷன் வரை வந்து திரும்பியிருக்கிறது, பேட்டையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அப்புறம், சீட்டுக்கு ஒரு நெல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது வேலை செய்ததா இல்லையா? கூண்டைத் திறந்தால் வந்து, சீட்டை எடுத்து, திரும்பக் கூண்டுக்குள் போகிறது. அந்தக் கிளிக்குப் பழக்கம் இருக்கிறது. உங்கள் கிளி மூலையில் ஒடுங்குகிறது. இதில் யாருக்குப் பழக்கத் தெரியும்?

பொருநைக்காரி:
திரும்பக் கூண்டுக்குள் போனது பழக்கத்தால் இல்லை அண்ணாச்சி. சிறகு இல்லை. பறந்து போக வழி இல்லாத பறவை கூண்டுக்குள் போகாமல் எங்கே போகும்? பெயரை மாற்றினால் பட்டினி பட்டினி இல்லாமல் போய்விடுமா?

பேட்டை அண்ணாச்சி:
தண்ணீர் இருக்கும் என்று எழுதியிருக்கிறேன். மறுபடி பட்டினி என்கிறீர்கள்.

அம்பை வாத்தியார்:
இரண்டு பேருக்கும் ஒரு விஷயம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வளர்ப்பதே குற்றம். 2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. பச்சைக்கிளி முன்பு நான்காம் அட்டவணையில் இருந்தது, இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2024 தேர்தல் சமயத்தில் கடலூர்ப் பக்கம் வேட்பாளருக்குச் சீட்டு எடுத்த கிளி ஜோசியரை வனத்துறை பிடித்தது பத்திரிகையில் எல்லாம் வந்ததே. அண்ணாச்சி தோளில் கிளியோடு ஜங்ஷன் வரை போன கதையைப் பொதுவில் எழுதாமல் இருப்பது அவருக்கு நல்லது.

பேட்டை அண்ணாச்சி:
வாத்தியார் வந்துவிட்டார். போன மழைக்காலத்தில் பாம்பு விவாதத்தில் என்னிடம் பதில் சொல்ல முடியாமல் போனவர், இப்போது சட்டப் புத்தகத்தோடு வந்திருக்கிறார். கிளி பழக்குவது நம் மண்ணின் மரபு வே. ஆண்டாள் கையிலேயே கிளி இருக்கிறது. அந்த அம்மனையும் பிடித்துக் கொடுப்பீர்களா?

அம்பை வாத்தியார்:
ஆண்டாள் கையில் இருப்பது உயிர்க்கிளி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தினமும் புதிதாக இலையால் கட்டுகிற கிளி. மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு. நம் ஜில்லாவின் பெருமையைச் சொல்ல வந்தால் அதைத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

வி.கே.புரம் ஆச்சி:
ஸ்ரீவில்லிபுத்தூர் விருதுநகர் மாவட்டம் அல்லவா சார்?

அம்பை வாத்தியார்:
ஆச்சி, 1910இல் ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்குகிற வரை ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. சாத்தூரும் அப்படியே.

பேட்டை அண்ணாச்சி:
அப்படிப் பார்த்தால் தூத்துக்குடியும் 1986 வரை நம்முடையதுதான். பழம்பெருமை பேசுகிற இடமா இது? கேள்வி கேட்ட தம்பியே கடையநல்லூர், 2019இல் தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்டான்.

கடையநல்லூர்த் தம்பி:
அண்ணாச்சி, மாவட்டம் எதுவானாலும் எங்கள் கிளி நேற்றும் அலறியது. இரவு இரண்டு மணிக்குக் கூண்டுக்குள் அடித்துக்கொண்டு சிறகில் ரத்தம். யாராவது சொல்லுங்கள்.

வி.கே.புரம் ஆச்சி:
கூண்டை முழுசாகத் துணி போட்டு மூடிவிடு தம்பி. இருட்டாக இருந்தால் தூங்கும்.

பொருநைக்காரி:
ஆச்சி, முழுசாக மூட வேண்டாம். அடி வாங்கின கிளிக்கு என்ன வருகிறது என்று தெரியாத இருட்டு இன்னும் பயம். மூன்று பக்கம் மூடி, சுவர் பக்கமாகத் தள்ளிவைத்து, முன்பக்கம் திறந்திருக்கட்டும். தம்பி, மங்கலாக ஒரு விளக்கு எரியட்டும். பூனை, பல்லி, தெருவில் போகிற லாரி வெளிச்சம் எதுவானாலும் இருட்டில் திடீரென்று வந்தால் அது துள்ளி அடிபடும். கூண்டைத் தரையில் வைத்திருந்தால் நெஞ்சுயரத்துக்கு ஏற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தொந்தரவில்லாமல் தூங்க விடுங்கள், டிவி இருக்கிற அறை வேண்டாம்.

ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். புதிதாக முளைக்கிற இறகின் தண்டில் ரத்தம் ஓடும். அது முறிந்தால் நிற்காமல் வடியும், அப்படி இருந்தால் காலையிலேயே மருத்துவரிடம் போக வேண்டும். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பக்கத்து இறகுகள் நறுக்கப்பட்டிருந்தால் புது இறகுக்குத் துணை இல்லை, அதனால்தான் சீக்கிரம் முறிகிறது. நறுக்கிய தண்டு அடுத்த இறகு உதிர்வு வரை அப்படியே இருக்கும், அது பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு தடவைதான். அதுவரை பொறுமையாகத்தான் இருக்க வேண்டும்.

பேட்டை அண்ணாச்சி:
இவ்வளவு நீளமாக எழுதியவர் கையில் எப்படி வர வைப்பது என்று மட்டும் எழுதவில்லை. தெரிந்தால்தானே.

பொருநைக்காரி:
கைக்கு ஏன் வர வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். அதைப் பிடித்தது கை. பனைமரப் பொந்திலிருந்து குஞ்சாக எடுத்தது கை. சிறகை நறுக்கியதும் கை. அந்தக் கைக்குள் வந்து உட்கார வேண்டும் என்ற ஆசை நமக்குத்தான் இருக்கிறது, கிளிக்கு இல்லை.

நான் செய்வது இதுதான். அறைக்குள் நுழைவதற்கு முன்பே குரல் கொடுப்பேன், திடீரென்று போய் நிற்க மாட்டேன். நேருக்கு நேர் முறைத்துப் பார்ப்பதில்லை, இரை பிடிக்கிற விலங்குதான் அப்படிப் பார்க்கும். கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டாக உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுவேன், பத்திரிகை படிப்பேன். தட்டில் எப்போதும் தீனி இருக்கும். அதற்கு மேல் ஒரு கம்பங்கதிரையோ சோளக்கதிரையோ கூண்டுக்கு வெளியே, அலகு எட்டுகிற தூரத்தில் கட்டிவிட்டு விலகிவிடுவேன். வரலாம், வராமல் இருக்கலாம், அது அதன் இஷ்டம். இறகைச் சப்பையாக இறுக்கி, உடம்பை நீட்டி நின்றால் பயம் என்று அர்த்தம், அன்றைக்கு அதோடு சரி. இப்போது நான் உட்கார்ந்திருக்கும்போதே கொய்யாத் துண்டைக் காலில் பிடித்துச் சாப்பிடுகிறது, அலகை அரைத்துக்கொண்டே தூங்குகிறது. பசியைக் காட்டாமல்தான் இது நடந்தது.

பேட்டை அண்ணாச்சி:
கொய்யாவும் கம்பங்கதிரும் தட்டு நிறையக் கிடந்தால் எதற்கு மனுஷனிடம் வரும்? வல்லூறு பழக்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரையைக் குறைத்துத்தான் கைக்குக் கொண்டுவருவார்கள். உலகம் முழுக்க அப்படித்தான். பட்டினி என்று யாரும் அழவில்லை.

பொருநைக்காரி:
வல்லூறு ஒரு தடவை வயிறு நிறையக் கறி தின்றால் அடுத்த வேட்டை வரை தாங்கும். அதைப் பழக்குகிறவர்கள் தினமும் எடை போட்டுப் பார்த்துத்தான் குறைப்பார்கள், தட்டைத் தூக்கிப் பரண்மேல் போட மாட்டார்கள். கிளி காலையிலும் மாலையிலும் கூட்டமாகப் போய் விதை, பழம், பூ என்று கொறிக்கிற பறவை. இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறீர்களே, தராசு இருக்கிறதா உங்கள் வீட்டில்?

பேட்டை அண்ணாச்சி:
என் கிளியின் எடை எனக்குக் கண்ணாலேயே தெரியும். தினமும் ஒரு பழமிளகாய், பழையதும் உண்டு. பேச்சு அப்படி வரும்.

அம்பை வாத்தியார்:
மிளகாய்க்கும் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லை. பறவைக்கு மிளகாயின் உறைப்பே தெரியாது, நம் வாயில் எரிகிற அந்தப் பொருள் அதற்கு எரியாது. அதனால்தான் மிளகாய்ச் செடியே பறவை மூலமாக விதை பரப்புகிறது.

பேட்டை அண்ணாச்சி:
உறைப்புத் தெரியாது என்று கிளி உங்களிடம் வந்து சொன்னதா? எங்கள் கிளி மிளகாய் தின்று "யார் வந்தது" என்று கேட்டது தெரு முழுக்கத் தெரியும்.

பொருநைக்காரி:
மிளகாய் கொடுக்கலாம், பழமிளகாயில் ஏ வைட்டமின் இருக்கிறது. வெறும் சூரியகாந்தி விதை தின்கிற கிளிகளுக்குக் குறைவது அதுதான். முருங்கைக்கீரை, பப்பாளி, கேரட்டும் வேண்டும். டீயில் முக்கின பன், காராசேவு, சாக்லேட் வேண்டவே வேண்டாம், வெண்ணெய்ப்பழம் (அவகாடோ) விஷம். எங்களிடம் வந்த கிளி டீ டம்ளரைக் கண்டால் கழுத்தை நீட்டுகிறது, அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். அடுப்படியில் நான்ஸ்டிக் சட்டியைக் காய விட்டால் அந்தப் புகையிலேயே கிளி செத்துவிடும், சாம்பிராணியும் ஆகாது. இதெல்லாம் சொல்லித் தர வேண்டிய இடத்தில், தட்டை எடு என்று ஒரே வரியில் முடித்தீர்களே அண்ணாச்சி. அதைத்தான் கேட்கிறேன்.

வி.கே.புரம் ஆச்சி:
நான் துணி போடச் சொன்னதைத் தப்பு என்று சொல்லிவிட்டு, மூன்று பக்கம் மூடச் சொல்கிறாய். அதுவும் துணிதானே அம்மா?

பொருநைக்காரி:
ஆச்சி, முழுசாக வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

வி.கே.புரம் ஆச்சி:
சரி சரி. பெரியவர்கள் சொன்னால் யார் கேட்கிறார்கள்.

பேட்டை அண்ணாச்சி:
பார்த்தீர்களா ஆச்சி? யார் சொன்னாலும் அவர் சொல்வதுதான் சரி. எழுதி வாங்கிக் கொடுத்தார்கள் என்கிறாரே, அந்தக் காகிதத்தை இங்கே போடட்டும். எனக்குச் சட்டம் சொன்ன வாத்தியார் அவரிடம் ஏன் கேட்கவில்லை?

அம்பை வாத்தியார்:
அவர் முதல் பதிவிலேயே வனத்துறையைச் சொல்லிவிட்டார். நீங்கள் அப்பா காலத்துப் பெருமையைச் சொன்னீர்கள். வித்தியாசம் தெரியவில்லையா? தம்பி, நீயும் முதலில் வனத்துறைக்குத் தகவல் கொடு.

பொருநைக்காரி:
காகிதத்தைப் பார்க்க வேண்டியவர்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். நீங்கள் யார் அதைக் கேட்க? பேச்சை மாற்ற வேண்டாம். இரண்டு நாள் தட்டை எடுத்த கிளி உங்களிடம் செத்ததே இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பேட்டை அண்ணாச்சி:
செத்தது என் விதி, கிளி விதி. நோய் வந்து செத்ததற்கெல்லாம் தட்டைக் காரணம் சொல்ல முடியாது.

பொருநைக்காரி:
என்ன நோய் என்று யாரிடமாவது காட்டினீர்களா? நோயைக் கடைசி வரை மறைத்து வைத்துக்கொள்கிற பறவை அது. பட்டினியில் கிடந்ததா, காய்ச்சலில் கிடந்ததா என்று நெஞ்செலும்பைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் புதைத்துவிட்டு, விதி என்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது அண்ணாச்சி, மறைக்க மாட்டேன்.

கடையநல்லூர்த் தம்பி:
அக்கா, அண்ணாச்சி சொன்னபடி இன்றைக்குக் காலையிலேயே தட்டை எடுத்துவிட்டேன். தண்ணீர் இருக்கிறது. இப்போது இறகை உப்பிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சாயங்காலமும் வைக்க வேண்டாமா?

பொருநைக்காரி:
தம்பி, இப்போதே தட்டை வையுங்கள். பப்பாளி இருந்தால் சின்னத் துண்டு, ஊறவைத்த கம்பு, எது இருந்தாலும் சரி. வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள், நின்று பார்க்காதீர்கள். கூண்டின் ஒரு பக்கம் கதகதப்பாக இருக்கட்டும். உப்பிக்கொண்டு அசையாமல் இருப்பது நல்ல அறிகுறி இல்லை. சாப்பிடவில்லை என்றால் விடியற்காலைக்குக் காத்திருக்காமல் மருத்துவரைத் தேடுங்கள், கூடவே வனத்துறைக்கும் சொல்லிவிடுங்கள்.

பேட்டை அண்ணாச்சி:
தம்பி, பொறு. இப்போது வைத்தால் இதுவரை பொறுத்தது வீண். உப்பிக்கொண்டு உட்காருவது எல்லாக் கிளியும் சாயங்காலம் செய்வதுதான்.

அம்பை வாத்தியார்:
அண்ணாச்சி, ஒரு உயிர் சம்பந்தப்பட்டது. இதிலும் வீம்பா?

பேட்டை அண்ணாச்சி:
பாம்பு விவாதத்திலும் இதையேதான் சொன்னீர் வே. தண்ணீர் இருக்கிறது என்று தம்பியே எழுதியிருக்கிறான். அப்புறம் எங்கே வந்தது பட்டினி?