தோப்பு வீடு குடும்பக் குழு

தீபா: சனிக்கிழமை பாட்டியைப் பார்க்க வருகிறேன். இந்த முறை எலெக்ட்ரிக் கார். அங்கே சார்ஜ் போட முடியுமா?

கண்ணன்: கரண்ட் லைனே இல்லாத வீட்டிலா 😄

தீபா: சோலார் இருக்கிறதே. வந்து சேரும்போது 8 சதவீதம்தான் மிஞ்சும்.

செல்வம் சித்தப்பா: முடியாது.

மூர்த்தி பெரியப்பா: முடியும். பொறுமையாகப் படிக்கவும். பேனல் 3 கிலோவாட், இன்வெர்ட்டரும் 3 கிலோவாட். காரோடு தரும் சார்ஜர் 15 ஆம்பியர் பிளக்கில் முழுதாக இழுத்தால் 3 கிலோவாட்டைத் தாண்டும், இன்வெர்ட்டர் டிரிப் ஆகிவிடும். அதனால் சார்ஜ் கரண்ட்டை 6 ஆம்பியருக்குக் குறைத்து வை. 230 வோல்ட்டில் அது 1.4 கிலோவாட்டுக்குள் அடங்கும். காலை 10 முதல் 3 வரை போட்டால் ஏறக்குறைய 7 யூனிட். வழியில் வீணாவது போகக் காருக்குள் 6 யூனிட் ஏறும்.

கண்ணன்: அதில் எவ்வளவு தூரம் போகும்

மூர்த்தி பெரியப்பா: யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்றால் 36.

கண்ணன்: பஸ்ஸில் வா தீபா

தீபா: பைபாஸ் ஃபாஸ்ட் சார்ஜர் வரை 28தான். எனக்குப் போதும்.

கமலா அத்தை: ராத்திரி போட்டுக்கொள்ளேன். பகலில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம்.

மூர்த்தி பெரியப்பா: ராத்திரி வீட்டு பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும். 48 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர். மொத்தமே 5 யூனிட்டுக்குக் கீழே. கார் அதை உறிஞ்சிவிட்டால் அம்மா ஃபேன் இல்லாமல் படுக்க வேண்டியதுதான். வெயில் இருக்கும்போதே நேராகக் காருக்குப் போனால்தான் கட்டுப்படி ஆகும்.

செல்வம் சித்தப்பா: வேப்பமர நிழலைக் கணக்கில் சேர்த்தீர்களா அண்ணே?

மூர்த்தி பெரியப்பா: பேனல் ஓரத்தில் நிழல் விழுந்தாலே உற்பத்தி நன்றாகக் குறையும். கிளையைக் கழி என்று எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது.

செல்வம் சித்தப்பா: அப்பா வைத்த மரம்.

மூர்த்தி பெரியப்பா: பாகம் பிரித்தபோது மட்டும் அது உனக்கு வெறும் விறகு.

கமலா அத்தை: ஆரம்பித்துவிட்டார்கள். தீபா, பாட்டிக்குக் கண் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. வரும்போது வாங்கி வா.

தீபா: சரி அத்தை. சீட்டுப் படம் அனுப்புங்கள்.

கண்ணன்: போன மாதம் என் ஸ்கூட்டர் அங்கே சார்ஜ் ஆனது. ஆனால் நண்பன் காரைப் போட்டதும் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஏன் பெரியப்பா?

மூர்த்தி பெரியப்பா: நல்ல கேள்வி. லைனோடு சேராத இன்வெர்ட்டரில் நியூட்ரல் பெரும்பாலும் எர்த்தோடு இணையாமல் மிதக்கும். கார் சார்ஜர் முதலில் எர்த்தைச் சோதிக்கும், சரியில்லை என்றால் மறுத்துவிடும். இரண்டையும் ஒரே இடத்தில் இணைக்க வேண்டும். சில இன்வெர்ட்டரில் அப்படிச் செய்யக் கூடாது, எலெக்ட்ரீஷியன் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நீ கம்பியைத் தொடாதே.

கண்ணன்: 🙏

தீபா: எலெக்ட்ரீஷியனை யார் கூப்பிடுவது?

செல்வம் சித்தப்பா: அண்ணன்தானே எல்லாம் தெரிந்தவர்.

மூர்த்தி பெரியப்பா: நம்பர் உன்னிடம்தான் இருக்கிறது செல்வம்.

தீபா: வெள்ளிக்குள் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பைபாஸிலேயே ஏற்றிக்கொண்டு வருகிறேன். அங்கே நிற்க ஒரு மணி நேரம் ஆகும், பத்து மணிக்கு வர முடியாது.

கமலா அத்தை: 10 முதல் 3 வரை கார் என்றால் கிணற்று மோட்டாரை எப்போது போடுவது? தொட்டி காலி.

மூர்த்தி பெரியப்பா: மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். இரண்டும் சேர்ந்து கூடாது. ஒன்பதரைக்கு மோட்டார்.

செல்வம் சித்தப்பா: ஒன்பதரைக்கு நிழல்.