மாரியில் பிளாஸ்ரர் இறுகுதில்லை, கட்டரும் சுடுகிறது. உதவி தேவை

புதுக்கை:
வணக்கம். யாழ்ப்பாணத்தில், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் பிளாஸ்ரர் அறை ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்து மூன்று மாதம். மழை தொடங்கினதில் இருந்து பண்டேஜ் சரியாக இறுகுதில்லை. நேற்று ஒரு ஐயாவின் மணிக்கட்டுக்குப் போட்டேன். கால் மணித்தியாலம் பிடித்துக்கொண்டு நின்றும் களிமண் போலவே இருந்தது, பிறகு விளிம்பு உதிர்ந்தது. சுடுதண்ணீரில் நனைத்தும் பார்த்துவிட்டேன்.
மற்றது, மின் கட்டரால் கட்டு வெட்டும்போது ஒரு சின்னப்பிள்ளை "சுடுது, சுடுது" என்று கத்தினது. கழற்றினால் நீளத்துக்குச் சிவந்த கோடு. தோல் வெட்டுப்படவில்லை, ஆனால் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பழைய கட்டு:
தம்பி, முதலில் சுடுதண்ணீரை விடுங்கள். பிளாஸ்ரர் இறுகும்போது தானாகவே சூடாகும். தண்ணீரும் சூடென்றால் உள்ளே தோல் வெந்துபோகும். கிணற்றுத் தண்ணீர் போதும். வாளியின் அடியில் பழைய மாவு கிடந்தால் ஊற்றிவிட்டுப் புதிதாக எடுங்கள்.
பண்டேஜ் ரோலில் இருப்பது நீரைப் பெருமளவு வற்றவைத்த ஜிப்சம். நனைத்ததும் இழந்த நீரை எடுத்துத் திரும்பக் கல்லாகும். காற்றின் ஈரத்தில் அந்த வேலை ரோலுக்குள்ளேயே முடிந்துவிட்டால் வாளியில் முக்கி என்ன பயன்? ஈரம் குடித்த சீமெந்து மூட்டையும் இதுவும் ஒன்றுதான். உறை உடைத்த ரோல்களை எங்கே வைக்கிறீர்கள்?

புதுக்கை:
யன்னலோரத் தட்டில், திறந்த பெட்டியில்…

பழைய கட்டு:
சரி, விளங்கிவிட்டது. மூடி இறுக்கமான தகரப் பேணிக்கு மாற்றுங்கள். சந்தேகமான ரோலில் விரலளவு துண்டு வெட்டி, நனைத்து, மேசையில் வையுங்கள். பத்து நிமிடத்தில் தட்டினால் 'டொக்' என்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால் எறியுங்கள். அந்த ஐயாவின் கட்டை இன்றே டொக்டரிடம் சொல்லி மாற்றுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

வடமராட்சி அக்கா:
கட்டருக்கு வருகிறேன். அலகு சுற்றுவதில்லை, இடம்வலமாக அதிர்கிறது. கட்டு விறைப்பாக நிற்பதால் வெட்டுப்படும், தோல் கூடவே அசைந்து தப்பும். நீங்கள் கோடு இழுப்பதுபோல இழுத்திருப்பீர்கள், அதுதான் பிழை. அழுத்துங்கள், 'சடக்' என்று இடம் விடும், உடனே தூக்குங்கள், கொஞ்சம் தள்ளித் திரும்ப அழுத்துங்கள். பெருவிரலைக் கட்டின் மேல் ஊன்றினால் கை உள்ளே விழாது. கணுக்கால் மொழிக்கு (துருத்தி நிற்கும் எலும்புக்கு) மேலால் வெட்டவே வேண்டாம். இடையிடையே நிறுத்தி அலகைத் தொட்டுப் பாருங்கள். ஃபைபர்கிளாஸ் கட்டு என்றால் இன்னும் கெதியாகச் சூடேறும். இரத்தம் ஊறிக் காய்ந்த பஞ்சு தோலோடு ஒட்டியிருந்தால் தோல் அசையாது, அங்கே இரட்டைக் கவனம்.

புதுக்கை:
நன்றி அக்கா. ஏழு ரோல் சோதித்தேன், ஐந்து செத்துவிட்டது. ஐயாவுக்குக் கட்டு மாற்றியாயிற்று. அலகைக் கழற்றினால் ஒரு பக்கப் பல்லே இல்லை. புதிது கேட்டு எழுதியிருக்கிறேன். அதுவரை கத்தரியால் வெட்டலாமா?

வடமராட்சி அக்கா:
பிளாஸ்ரர் என்றால் வெட்டலாம். கீழ் அலகு பஞ்சுக்கும் கட்டுக்கும் நடுவில், தோலுக்குச் சமாந்தரமாகப் போகவேண்டும். நுனி கீழே சாய்ந்தால் பிள்ளை திரும்பவும் கத்தும்.