பெரிய பேட்டரி போச்சு என்றார்கள், செத்திருந்தது சின்னது

செகண்ட் ஹேண்டில் ஹைப்ரிட் கார் (பெட்ரோல் இன்ஜினும் கரண்ட் மோட்டாரும் சேர்ந்தது) வாங்கி ஐந்தாவது மாதம். காலையில் பிரேக்கை மிதித்துப் பவர் பட்டனை அமுக்கினால் ‘ரெடி’ வரவில்லை. ஏபிஎஸ், ஸ்டியரிங், பிரேக் என்று இருக்கிற எச்சரிக்கை விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தன, நடுவில் ஹைப்ரிட் சிஸ்டத்தைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு வாசகம், டேஷ்போர்டுக்குப் பின்னால் எங்கோ ஒரு ரிலே (கரண்டில் இயங்கும் சுவிட்ச்) டிக்டிக்டிக் என்று துடித்துவிட்டு அடங்கியது. போனில் கேட்டதற்கு ஒர்க்‌ஷாப்காரர் வண்டியைப் பார்க்காமலேயே, “பழைய ஹைப்ரிட்டா? பெரிய பேட்டரி போயிருக்கும் சார், கட்டி இழுத்துட்டு வாங்க” என்றார். வயிற்றில் புளியைக் கரைத்தது.

நல்லவேளை, உடனே இழுத்துக்கொண்டு போகவில்லை. இந்த வண்டியில் பேட்டரி இரண்டு. காரை ஓட்டுகிற பெரியது 200 வோல்ட் சுமாருக்கு இருக்கும். இன்னொன்று எல்லாக் காரிலும் இருக்கிற 12 வோல்ட் சமாசாரம். பெரியதைக் காரோடு இணைக்கும் ரிலேக்களை இழுத்துப் பிடிப்பதும் கம்ப்யூட்டர்களை எழுப்புவதும் இந்தச் சின்னதுதான். அது படுத்துவிட்டால் பெரியதில் எவ்வளவு சார்ஜ் இருந்தும் பயனில்லை, குதிர் நிறைய நெல் இருந்து சாவி தொலைந்த கதை.

சாதாரணக் காரில் பேட்டரி தளர்வதை செல்ஃப் மோட்டாரே சொல்லிவிடும், ஒரு வாரமாக முக்கி முனகிச் சுற்றும். என்னுடையது மாதிரியான முழு ஹைப்ரிட்டில் தனியாக செல்ஃப் கிடையாது, இன்ஜினைச் சுற்றிவிடுவதும் பெரிய பேட்டரியில் ஓடுகிற மோட்டார்தான். அதனால் சின்னது நேற்று வரை மூச்சுக்காட்டாமல் சமாளித்துவிட்டு இன்று காலை கையை விரிக்கிறது.

என் வண்டியில் அது டிக்கியின் வலது மூலையில் இருக்கிறது, டிக்கியோ கரண்டில் திறப்பது! அதற்காகவே பானெட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு மூடி போட்ட ஒரு பாசிட்டிவ் முனை கொடுத்திருக்கிறார்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை அங்கேயும், இன்னொன்றைப் பெயின்ட் இல்லாத போல்ட்டிலும் வைத்தேன். 11.7 காட்டியது. நல்ல பேட்டரி என்றால் சும்மா இருக்கும்போது 12.6, 12.7 இருக்கும். மகனைப் பட்டனை அமுக்கச் சொன்னேன், கண்ணெதிரே 8 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தது. பாதி சந்தேகம் அப்போதே தீர்ந்தது.

மீதி பாதி இது: பேட்டரி காலியா, செத்ததா? பின் சீட்டை மடக்கித் தவழ்ந்து போய், உள்பக்கம் இருந்த அவசர நெம்புகோலைத் தட்டி டிக்கியைத் திறந்து, பேட்டரியைக் கழற்றி ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டேன். சார்ஜரை எடுத்துச் சில மணி நேரம் விட்டு அளந்தால் 12.5. பார்க்க யோக்கியமாகத்தான் இருந்தது. மறுபடி மாட்டி ஹெட்லைட்டைப் போட்டதும் இரண்டு நிமிடத்தில் 11-க்குக் கீழே. சும்மா வைத்து அளந்த எண்ணை மட்டும் நம்பியிருந்தால் ஏமாந்திருப்பேன்.

கழற்றியபோது தெரிந்த இன்னொரு சங்கதி, முந்தைய ஓனர் போட்டிருந்தது சாதாரண ஆசிட் பேட்டரி. பேட்டரி காருக்குள்ளேயே இருப்பதால் இந்த வண்டிக்கு ஏஜிஎம் வகைதான் (ஆசிட் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருப்பதால் சிந்தாதது) போட வேண்டும், வாயு வெளியே போக ஒரு சின்ன ட்யூபும் உண்டு. அந்த ட்யூப் எதிலும் மாட்டாமல் அனாதையாகத் தொங்கியது. தட்டைத் தூக்கினால் அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி, தகரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. தேதி எழுதிய ஸ்டிக்கரையும் சுரண்டி எடுத்திருந்தார் புண்ணியவான்.

புதியது வாங்கும்போது ஆம்பியரை விட டெர்மினலைப் பாருங்கள். என் வண்டிக்கான ஜப்பான் அளவு பேட்டரியில் முனை மெல்லிசாக இருக்கும், தடித்த முனை உள்ளதில் கிளாம்ப் இறங்காது. பேட்டரி நம்பரின் கடைசி எழுத்து L-ஆ R-ஆ என்பதைப் பொறுத்துப் பாசிட்டிவ் பக்கம் மாறும், மாறிவிட்டால் வயர் எட்டாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அதுவே கடைசியில். பத்தாம் நம்பர் ஸ்பானர் போதும். ட்யூபைச் செருக மறக்காதீர்கள்.

மாட்டியதும் ‘ரெடி’ வந்தது, எச்சரிக்கை விளக்கு ஒன்றுகூட மிச்சமில்லை. அப்போது அளந்தால் 14.2. முழு ஹைப்ரிட்டில் டைனமோ கிடையாது, பெரிய பேட்டரியின் கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு கன்வெர்ட்டர்தான் சின்னதை சார்ஜ் செய்கிறது. 14 சுமாருக்கு வந்தால் அதுவும் நலம். கண்ணாடிகளின் ஆட்டோ ஏற்றத்தை மட்டும் மறுபடி பழக்க வேண்டியிருந்தது.

*

(இனி வருபவை இதைப் படித்தவர்கள் எழுதியவை.)

சார், புதுசு போட்டாச்சு என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நான் ஒரே வருடத்தில் இரண்டாவதையும் கொன்றவன். வண்டி தூங்கும்போது 50 மில்லிஆம்பியருக்குள் இழுத்தால் பரவாயில்லை, நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான் போகும். எனக்கு 250 காட்டியது, அதாவது நாளைக்கு 6. பேட்டரியே 45 தான், ஒரு வாரம் நிறுத்தினால் கதை முடிந்தது. டேஷ்கேமை (சாலையைப் படம் பிடிக்கும் கேமரா) நேராகப் பேட்டரியில் கொடுத்திருந்தேன், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. அளக்கும்போது கதவை மூடி அரைமணி காத்திருங்கள், கம்ப்யூட்டர்கள் தூங்கவே அவ்வளவு நேரம் ஆகும். அப்புறம் ‘ரெடி’ போடாமல் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். அதில் சார்ஜே ஏறாது.

*

ஜம்ப் கொடுக்கிறவர்களுக்கு, அதாவது இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு உயிர் கொடுக்கிறவர்களுக்கு, என் பங்கு. இருட்டில், இரண்டு கேபிளும் அழுக்கேறி ஒரே நிறமாக இருந்தபோது சிவப்பையும் கருப்பையும் மாற்றிக் கவ்வவைத்தேன். ஒரு பொறி, பட்டென்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகிய வாடை. பெரிய ஃபியூஸ் ஒன்றோடு போயிற்று, பெரிய பேட்டரியின் கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் தப்பியது பூர்வ ஜென்ம புண்ணியம். ஹைப்ரிட்டிலிருந்து இன்னொரு வண்டிக்கு ஜம்ப் கொடுப்பதும் வேண்டாம், பல மேனுவல்களில் கூடாதென்றே போட்டிருக்கிறது. அந்தக் கன்வெர்ட்டர் செல்ஃப் சுற்றுகிற அளவு கரண்டுக்காகச் செய்ததில்லை.

*

250 மில்லிஆம்பியர் என்று படித்ததும் நேற்று நானும் அளந்தேன். கிட்டே இருந்தாலே வண்டி கண்டுகொள்ளும் ரேடியோ சாவி என்னுடையது, அது ஆணியில் தொங்கும்போது ஒரு கணக்கு, சாவியை மாடிக்குக் கொண்டுபோனால் வேறு கணக்கு. ஆணி இருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முழத்தில்தான் காரை நிறுத்துகிறேன், ராத்திரி முழுக்க இரண்டும் பேசிக்கொண்டே இருந்திருக்கின்றன. ஆணியைப் பிடுங்கியாகிவிட்டது.