மணாலி–லே சைக்கிள் பயணம்: வழியில் யாரைச் சந்திச்சீங்க?

ஊர்சுத்தி, ஈரோடு:

இமாச்சலின் மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை போற மலை ரூட்டில் எந்தக் கணவாய் எவ்வளவு உயரம், எந்த டயர் தாங்கும்னு நிறையவே பேசியாச்சு. சப்போர்ட் வண்டி இல்லாம சொந்தமா லோடு ஏத்திக்கிட்டுப் போனவங்க, வழியில் பார்த்த ஆட்களைப் பத்தி எழுதுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

ஜிங்ஜிங்பார் தாண்டி பரலாச்சா லாவுக்கு (லான்னா கணவாய்) ஏறுற இடத்தில் ரோடு வேலை நடந்துக்கிட்டிருந்தது. தார் டிரம்முக்கு அடியில் தீ, கண்ணைக் கரிக்கிற புகை. சுத்தி நிக்கிறவங்க முகம் முழுக்கத் துணி, கண்ணு மட்டும்தான் தெரியுது. எல்லைச் சாலை நிறுவனத்தோட வேலைக்குக் கோடையில் வர்றவங்கள்ல நிறையப் பேர் ஜார்க்கண்டின் தும்கா பக்கத்துக்காரங்க. நான் மூச்சு வாங்க நின்னதும் ஒருத்தர் வந்து சைக்கிளைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். கியர், டிஸ்க் பிரேக் எதையும் கண்டுக்கலை. பின் கேரியரை ரெண்டு கையாலும் பிடிச்சு ஆட்டிப் பார்த்துட்டு, “பாரமெல்லாம் பின்னாடி. மேட்டில் ஹேண்டில் ஆடுமே?”ன்னார். ரோத்தாங் கணவாய் ஏறினதிலிருந்தே ஆடிக்கிட்டுத்தான் இருந்தது.

அவரோட அண்ணன் லல்மட்டியா சுரங்கப் பக்கம் சைக்கிளில் நிலக்கரி கொண்டுபோய் விக்கிறவராம். அங்கெல்லாம் ஒரு சாதா சைக்கிளில் 200 கிலோ வரை ஏத்துவாங்க. சீட்டில் உக்கார வழியே கிடையாது, ஊர் ஊரா தள்ளுறதுதான். நம்மாள் என்கிட்ட அனுமதியெல்லாம் கேக்கலை. தண்ணி பாட்டில்களையும் ஸ்டவ்வையும் பின்னாடியிருந்து எடுத்தார். முன் ஃபோர்க்கில் ரெண்டு பக்கமும் அச்சுக்கு நேரா, எவ்வளவு கீழ போகுமோ அவ்வளவு கீழ வச்சு டியூப் ரப்பரால இறுக்கிக் கட்டினார். தள்ளவும் சொல்லிக்கொடுத்தார்: ஒரு கை ஹேண்டிலில், இன்னொரு கை சீட்டுக்குப் பின்னாடி, கையால தள்ளாதே, உடம்பைச் சாய்ச்சுக் காலால தள்ளு. டங்லங் லாவுக்குக் கடைசி வளைவுகளில் இப்படித்தான் போய்ச் சேர்ந்தேன்.

கிளம்புறப்ப சத்துவில், அதான் வறுத்த கடலை மாவில், உப்பும் வெங்காயமும் போட்டுக் கரைச்ச தண்ணி ஒரு சொம்பு கொடுத்தாங்க. நான் நீட்டின சன்ஸ்கிரீனை அவர் வாங்கி, மோந்து பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துட்டார். அந்த ரோட்டில் மஞ்சள் போர்டுகளில் இருக்கிற வாசகங்களை எல்லாரும் படம் பிடிக்கிறோம். அந்த ரோட்டைப் போடுறவர் பேரைக் கேக்கணும்னு எனக்கே லே போய்ச் சேர்ந்தப்புறம்தான் தோணுச்சு.

டைனமோ, திருச்சி:

எனக்கு பாங்கிற கூடார முகாம். சுமார் 4,600 மீட்டர். ராத்திரி சாப்பாடு இறங்கலை, மண்டை ரெண்டாப் பிளக்குது. பாராசூட் துணியில் போட்ட தாபா அது. நடத்துற ஆமா-லே (லடாக்கியில் அம்மான்னு மரியாதையாக் கூப்பிடுறது), நான் மிச்சம் வச்ச ராஜ்மா தட்டைப் பார்த்துட்டு என்னை எழுந்திரிச்சு நேர்கோட்டில் நடக்கச் சொன்னாங்க. நடந்தேன், கூடாரக் கம்பத்தில் போய் முட்டினேன். சிரிக்கிற நிலைமை இல்லை அண்ணே. மூளையில் நீர் கோக்கிறதுக்கு முதல் அடையாளமே இந்தத் தள்ளாட்டம்தான்.

மலை நோய் வந்தா கீழே இறங்குன்னு எல்லாரும் சொல்வாங்க. பாங்கிலிருந்து எங்கே இறங்குறது? தெற்கே போனா 5,000 மீட்டருக்கு மேல லாச்சுங் லா, லே பக்கம் போனா 5,328 மீட்டர் டங்லங் லா. எந்தப் பக்கம் இறங்கணும்னாலும் முதல்ல ஏறியாகணும். வழியில் தங்குற சர்ச்சு முகாமிலும் இதே கதைதான். அந்தம்மா தன் மகனைத் துணைக்கு அனுப்பி ராணுவ முகாமின் மருத்துவ அறைக்குக் கூட்டிட்டுப் போக வச்சாங்க. ஆக்ஸிஜன் கொடுத்தாங்க. மறுநாள் சைக்கிளோட ஒரு லாரியில் லே. பில்லில் அந்த ராஜ்மாவுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கினாங்க, அது அவங்க நியாயம்!

ஒத்தைப்பெடல், கோவை:

மோரே சமவெளி. 40 கிலோமீட்டர் தட்டையா இருக்கும், ஆனா மத்தியானத்துக்கு மேல எதிர்க்காத்து அடிச்சா முதல் கியரில்தான் மிதிக்கணும். சாங்பாங்கிற நாடோடி மேய்ப்பர்களோட ஆட்டு மந்தை ஒண்ணு தூரத்தில் தெரிஞ்சது. அழகா இருக்கேன்னு மெதுவாப் போனேன். மந்தைக்குள்ளிருந்து ரெண்டு நாய் கிளம்பி வருது. அந்த உயரத்தில் நாயை முந்துற அளவுக்கு எனக்கு மூச்சு கிடையாது. இறங்கி, சைக்கிளை நடுவில் தடுப்பா வச்சுக்கிட்டு நின்னேன். பதினஞ்சு வயசுகூட இருக்காத ஒரு பொண்ணு கம்பளிக் கவணைச் சுழட்டி, நாய்க்கு முன்னாடி சரியா ஒரு முழத்தில் கல்லை இறக்கினா. நாய் நின்னுடுச்சு. லடாக்கி வணக்கமா ஒரு “ஜூலே” சொல்லிட்டு அவ பாட்டுக்குத் திரும்பிட்டா. அவ என்னைக் காப்பாத்தின மாதிரியெல்லாம் காட்டிக்கலை. ஆடு மிரளுதேங்கிற கவலைதான் அவளுக்கு.

கிழக்குக்கோடி, நாகை:

பரலாச்சா லா பக்கத்தில் இருக்கிற பரத்பூர் கூடார முகாமுக்கு முன்னாடி ஒரு நாலா, ரோட்டைக் குறுக்கே கடக்கிற ஓடை. காலையில் கணுக்கால் அளவு ஓடுறது, வெயிலில் பனி உருகி சாயங்காலம் தொடை வரை வந்துடும். ஷூவைக் கழட்டிக்கிட்டிருந்தேன். ஒரு பஞ்சாபி லாரி டிரைவர் சாவியை உருவி இறங்கி வந்து, “அவசரமா? நானே நிக்கிறேன், நீ எங்கே போறே?”ன்னு அதட்டினார். கேபினில் படுத்து, விடிஞ்சதும் கடந்தேன்.

புது ஆள், மதுரை:

ஒத்தைப்பெடல் அக்கா, ராத்திரி தனியாத் தங்குறது எப்படி? வீட்டில் அதைத்தான் கேக்குறாங்க.

ஒத்தைப்பெடல், கோவை:

ஜிஸ்பா தாண்டினா தாபாக்கள்தான். அக்கா தங்கச்சிங்க நடத்துற கூடாரமாப் பார்த்துக் கேளு, பெரும்பாலும் அவங்க படுக்குற வரிசையிலேயே இடம் கொடுத்துடுவாங்க. போனில் ப்ரீபெய்டு சிம் மட்டும் வச்சுக்கிட்டுப் போகாதே, நம்ம ஊர் ப்ரீபெய்டு லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேணும். அதுவும் பல இடத்தில் சிக்னல் இருக்காது. வீட்டில் இப்பவே சொல்லி வச்சுடு, இல்லாட்டி கீலாங் தாண்டினதுமே போலீசுக்குப் போயிடுவாங்க.