டிஜிட்டலில் வாங்கிய கேம் எவ்வளவு காலம் கையில் இருக்கும்? டிஸ்க்தான் பாதுகாப்பா?

கேள்வி: நிலாமுற்றம்

பிசியில் ஸ்டீம் (கேம் விற்கும் ஆன்லைன் கடை), ஹாலில் பிஎஸ்5 கன்சோல். ஸ்டீமில் பணம் கட்டும் இடத்தில் "நீங்கள் பெறுவது லைசென்ஸ்" என்று ஒரு வரி இப்போது வருகிறது. அப்படியானால் நாளைக்குக் கடையையோ சர்வரையோ மூடினால் வாங்கிய கேம் போய்விடுமா? இனிமேல் டிஸ்க் மட்டும் வாங்குவது நல்லதா? பேக்கப் எடுத்து வைக்க வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: கதிர்வீச்சு

அந்த வரி வந்ததற்குக் காரணம் கலிபோர்னியாவின் ஏபி 2426 என்ற சட்டம். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. திரும்பப் பறிக்கக்கூடிய லைசென்ஸை "வாங்குங்கள்" என்று விற்பதானால், அது லைசென்ஸ்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. ஸ்டீம் 2024 அக்டோபரிலேயே சேர்த்துவிட்டது. உங்கள் உரிமையில் புதிதாக எதுவும் மாறவில்லை, முன்பும் லைசென்ஸ்தான்.

டிஸ்க்கா டிஜிட்டலா என்பதைவிட முக்கியமான கேள்வி, கேம் தொடங்கும்போது யாரிடம் அனுமதி கேட்கிறது என்பது. யுபிசாஃப்டின் 'தி க்ரூ' 2014இல் வந்தது. தனியாக ஆடுவதற்குக்கூட சர்வர் இணைப்பு வேண்டும் என்று செய்யப்பட்ட கேம். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க் வைத்திருந்தவரும் டவுன்லோட் செய்தவரும் ஒரே நாளில் ஆட முடியாமல் போனார்கள். எனவே வாங்கும் முன் கடைப் பக்கத்தில் மூன்றைப் பாருங்கள்: எப்போதும் இணையம் தேவையா, வேறொரு நிறுவனத்தின் கணக்கு தேவையா, டெனுவோ போன்ற பூட்டு (காப்பி எடுத்து ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்) உண்டா. டெனுவோ உள்ள கேம் முதல் முறை இணையத்தில் அனுமதி வாங்கியாக வேண்டும். கம்ப்யூட்டரின் பாகங்களை மாற்றினால் மறுபடியும் கேட்கலாம்.

ஸ்டீமில் பூட்டே இல்லாத கேம்களும் உண்டு. கண்டுபிடிப்பது எளிது. ஸ்டீமை முழுவதும் மூடுங்கள் (டாஸ்க்பாரின் மூலையில் இருக்கும் ஐகானிலும் 'எக்ஸிட்' கொடுக்க வேண்டும்). பிறகு ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் 'காமன்' என்பதைத் திறந்து, கேமின் எக்ஸிஇ ஃபைலை நேரடியாக ஓட்டுங்கள். ஸ்டீம் தானாக எழுந்து வந்தால் பூட்டு இருக்கிறது. வராமல் கேம் ஓடினால், அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து வைக்கலாம். வேறு கம்ப்யூட்டரில் ஓட விஷுவல் சி++, டைரக்ட்எக்ஸ் துணை ஃபைல்கள் வேண்டியிருக்கும். அவை பெரும்பாலும் 'ஸ்டீம்வொர்க்ஸ் ஷேர்டு' ஃபோல்டரில் இருக்கும், அதையும் சேர்த்து எடுங்கள். சேவ் ஃபைல் பல கேம்களில் டாக்குமென்ட்ஸ் அல்லது ஆப்டேட்டாவுக்குள் தனியாகக் கிடக்கும். அதை மறப்பவர்கள்தான் அதிகம்.

ஸ்டீமிலேயே இருக்கும் பேக்கப் வசதியை இதற்கு நம்பாதீர்கள். அது மறுபடி டவுன்லோட் செய்யும் நேரத்தை மட்டும் மிச்சப்படுத்தும்; திரும்ப ஏற்ற ஸ்டீமில் லாகின் செய்தே ஆக வேண்டும்.

பதில் 2: வட்டத்தகடு

கன்சோல் பக்கம் சொல்கிறேன். பிஎஸ்5 டிஸ்க்கில் 100 ஜிபி வரை கொள்ளும். கேம் கன்சோலுக்குள் இருக்கும் எஸ்எஸ்டி டிரைவுக்கு காப்பி ஆகி அங்கிருந்துதான் ஓடுகிறது. அதன்பின் டிஸ்க் வெறும் சாவி. டிஸ்க்கில் இருப்பது அச்சடித்த நாளின் பதிப்பு. பேட்ச் (பின்னால் வரும் திருத்தங்கள்) எல்லாம் சர்வரில் இருக்கிறது. ஆகவே சோதித்துப் பார்ப்பது நல்லது: நெட்டைத் துண்டித்துவிட்டு டிஸ்க்கிலிருந்து இன்ஸ்டால் செய்து, முதல் அத்தியாயம் தாண்டும்வரை ஆடுங்கள். சில டிஸ்க்குகளில் பாதிக் கேம்தான் இருக்கும், அது அங்கே தெரிந்துவிடும்.

நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலில், 'கேம் கீ கார்டு' என்று மேலட்டையில் போட்டிருந்தால் உள்ளே இருக்கும் கார்டில் கேமே கிடையாது. முதல் முறை நெட்டில் டவுன்லோட், பிறகு ஒவ்வொரு முறையும் கார்டைச் செருக வேண்டும். டிஜிட்டலின் குறையும் கார்டின் குறையும் சேர்ந்து வரும் ஏற்பாடு இது. மறுவிற்பனை செய்யலாம் என்பது ஒன்றுதான் ஆதாயம்.

டிஜிட்டல் கேம் நெட் இல்லாமல் ஓட, பிஎஸ்5 செட்டிங்ஸில் 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் பிளே' இயங்குகிறதா என்று பாருங்கள். ஒரு கணக்குக்கு ஒரு கன்சோலில்தான் இது கிடைக்கும். பிஎஸ்5இன் மெலிந்த (ஸ்லிம்) மாடலுக்குத் தனியாக வாங்கி மாட்டும் டிஸ்க் டிரைவையும் முதலில் ஒரு முறை நெட்டில் பதிவு செய்ய வேண்டும், வாங்கியவுடன் செய்துவிடுங்கள்.

பதில் 3: பழையபெட்டி

பேக்கப்புக்கு ஜிஓஜி (பிசி கேம்களைப் பூட்டு இல்லாமல் விற்கும் ஆன்லைன் கடை) போல எளிதான கடை வேறில்லை. லைப்ரரியில் கேமைத் திறந்தால் 'ஆஃப்லைன் பேக்கப் இன்ஸ்டாலர்' இருக்கும். பெரிய கேமாக இருந்தால் ஒரு எக்ஸிஇ, கூடவே '.bin' என்று முடியும் பல ஃபைல்கள். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் இன்ஸ்டால் பாதியில் நின்றுவிடும். டிஎல்சி (கேமோடு சேர்க்கும் கூடுதல் பகுதி) தனி ஃபைலாக வரும், அதையும் எடுங்கள்.

வைக்கும் டிரைவை எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மேட் செய்யுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. அலமாரியில் மாதக்கணக்கில் கிடக்கப் போகும் காப்பிக்கு ஹார்ட் டிரைவே மேல். எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் செல்களில் உள்ள மின்னூட்டம் கசிந்து டேட்டா கெடலாம். இரண்டு காப்பி வையுங்கள், ஒன்று எப்போதும் கழற்றியே இருக்கட்டும். காப்பி எடுத்த அன்றே ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்எச்ஏ-256 (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும் அடையாளக் குறி) கணக்கிட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமித்தால், பின்னால் மறுபடி கணக்கிட்டு ஒப்பிடும்போது கெட்டுப்போன ஃபைல் எது என்று உடனே தெரியும்.

நிலாமுற்றம்

மிக்க நன்றி. ஒரு சந்தேகம் மட்டும்: கடையை விட்டு ஒரு கேமை எடுத்துவிட்டால் ஏற்கனவே வாங்கியவருக்கும் போய்விடுமா?

பதில் 4: கதிர்வீச்சு

பெரும்பாலும் போகாது. பாட்டு, கார், விளையாட்டு அணிகளின் பெயர் போன்றவற்றுக்கான ஒப்பந்தம் முடிந்தால் புதிதாக விற்க முடியாது, அதனால் எடுக்கிறார்கள். 'ஆலன் வேக்' என்ற கேம் இசை உரிமை முடிந்து 2017இல் விற்பனையிலிருந்து போய், உரிமையைப் புதுப்பித்த பிறகு 2018இல் திரும்பி வந்தது. வாங்கியவர்கள் லைப்ரரியில் கேம் அப்படியே இருந்தது. நின்டெண்டோவின் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ ஆகியவற்றின் கடைகளை 2023 மார்ச் 27இலும் எக்ஸ்பாக்ஸ் 360 கடையை 2024 ஜூலை 29இலும் மூடியபோதும், வாங்கியதை மறுபடி டவுன்லோட் செய்ய விட்டார்கள். ஆனால் அந்தக் கதவு எவ்வளவு காலம் திறந்திருக்கும் என்பது அவர்கள் கையில்.

3டிஎஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: எஸ்டி கார்டைக் காப்பி எடுத்தால் மட்டும் போதாது. அதில் உள்ள கேம்கள் அந்த ஒரு கன்சோலின் சாவியோடு பிணைந்தவை. வேறு 3டிஎஸ்ஸில் அந்தக் கார்டைப் போட்டால் திறக்காது. பழைய கன்சோல் உயிரோடு இருக்கும்போதே சிஸ்டம் டிரான்ஸ்ஃபர் செய்துவிட வேண்டும்.