கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மூன்று ஏக்கர் தென்னந்தோட்டம்: விருப்பமில்லாமல் பொறுப்பேற்றவன் எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி – கிழக்கு வேலி

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, எங்களுக்கு மூன்று ஏக்கர் தோட்டம் இருக்கிறது. 160 தென்னைகள், வேலியோரம் 12 மாமரங்கள், வற்றிக்கொண்டிருக்கும் ஒரு கிணறு, ஓர் ஆழ்துளைக் கிணறு ஆகியவை அதில் உள்ளன. நாற்பது ஆண்டுகளாக அப்பா தனியாகப் பார்த்துவந்தார். பங்குனியில் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவர் கட்டிலை விட்டு எழவில்லை. கோயம்புத்தூரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான், வேறு யாரும் இல்லாததால் வந்து சேர்ந்தேன். இந்த வேலையை நான் ஒருநாளும் விரும்பியதில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

வந்த நாளிலிருந்து எதைத் தொட்டாலும் அச்சமாக இருக்கிறது. ஓலைகளின் மேல் கரி பூசியதுபோல் படிந்திருக்கிறது, குரும்பைகள் கொட்டுகின்றன, களை முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. மருந்துக் கடையில் மூன்று வகை மருந்துகளை எழுதிக் கொடுத்தார்கள். ஆழமாக உழுதுவிடச் சொல்கிறார் ஒருவர், குத்தகைக்கு விடச் சொல்கிறார் இன்னொருவர். அப்பா மட்டும் மாலையில் “தண்ணீர் பாய்ந்ததா?” என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்ய என்னிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை. எதை முதலில் செய்வது?

மறுமொழி – வேலந்தாவளம் பெரியவர்

தம்பி, உங்கள் அப்பா கேட்கும் கேள்வியிலேயே தொடக்கம் இருக்கிறது. நம் பகுதி பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருப்பதால், மார்கழி, தை மாதங்களில் வீசும் கிழக்குக் காற்று மண்ணின் ஈரத்தை வாரிக்கொண்டு போய்விடும். மேற்கே கொட்டுகிற தென்மேற்குப் பருவமழையும் இங்கே குறைவு. ஆகவே மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு, முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள்.

இருபது லிட்டர் வாளி ஒன்றைப் ஆழ்துளைக் கிணற்றுக் குழாயின் கீழே வைத்து, அது நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். இருபது வினாடி ஆனால் மணிக்கு 3,600 லிட்டர் வருகிறது என்று பொருள். கோடையில் வளர்ந்த மரம் ஒன்றுக்குச் சொட்டுநீர் வழியாக நாளொன்றுக்கு 65 லிட்டர் அளவில் தேவைப்படும். 160 மரங்களுக்கு 10,400 லிட்டர், அதாவது ஏறத்தாழ மூன்று மணி நேர மோட்டார் ஓட்டம். கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு இது கடினமன்று. தண்ணீர் போதவில்லை என்றால், மரத்தைச் சுற்றியுள்ள வட்டப்பாத்தியில் தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, அதன்மேல் காய்ந்த ஓலையைப் பரப்பி மூடாக்கு இடுங்கள். நான் இதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறேன். மழை பொய்த்த ஆண்டுகளில் என் மரங்களைக் காத்தது இதுதான்.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தென்னையில் ஒரு பாளை மரத்துக்குள் கருவாகத் தொடங்கி முற்றிய காயாக இறங்குவதற்கு ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகின்றன. இன்று நீங்கள் வெட்டும் காய் உங்கள் அப்பா மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பிருந்து செய்துவந்த கவனிப்பின் விளைவு. அவர் விழுந்தபின் தோட்டம் வாடிய மாதங்களின் குறை, இனிவரும் வெட்டுகளில்தான் முழுமையாகத் தெரியும். அப்போது காய் குறைந்தால், உங்களால்தான் கெட்டது என்று எண்ணித் தோட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

மறுமொழி – கோபாலபுரம் அம்மா

ஐயா சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். மருந்துக் கடை எழுதிக் கொடுத்ததைப் பற்றி மட்டும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்: அவற்றை வாங்காதீர்கள். கரி போன்ற அந்தப் படிவு சுருள் வெள்ளை ஈ சுரக்கும் தேன்போன்ற கழிவின்மேல் வளரும் பூசணம். இந்த ஈ 2016-இல் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் தென்பட்டது. அப்போது பயந்துபோய் நானும் கடும் மருந்து அடித்தேன். ஈ சில வாரங்களில் திரும்பி வந்தது, அதைத் தின்னும் பூச்சிகள் திரும்பவில்லை. என்கார்சியா என்ற சிறு குளவி, வெள்ளை ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அவற்றை அழிக்கிறது. மருந்து அந்தக் குளவியைத்தான் முதலில் கொல்லும்.

விசைத்தெளிப்பானால் ஓலையின் அடிப்புறத்தில் வெறும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறிகளைத் தொங்கவிடுங்கள். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சித் தெளித்தால், காய்ந்ததும் அது செதிலாக உரிந்து விழும்.

உழவு விஷயத்தில் நான் வேறுபடுகிறவர்களோடு பலமுறை வாதிட்டிருக்கிறேன். நம் வட்டத்தில் பல இடங்களில் கரிசல் மண். கோடையில் தானாகவே பிளக்கும். அதில் மரத்தடி வரை டிராக்டர் விட்டால் வேர் அறுபடும். களையை வெட்டி அங்கேயே கிடத்துங்கள், வட்டப்பாத்தியில் மழைக்காலத்தில் மரத்துக்கு 50 கிராம் வீதம் சணப்பையோ கொழிஞ்சியோ போன்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்து, பூக்கும் முன் மண்ணுக்குள் மடக்கிவிடுங்கள். உரம் இடுவதற்கு முன் மண்ணை உங்கள் பஞ்சாயத்துக் கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) காட்டுங்கள். பொதுவான பரிந்துரை, ஆண்டுக்கு மரத்துக்கு 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ். அதை ஆனி-ஆடியிலும் மார்கழி-தையிலுமாக இரண்டாகப் பிரித்து இடுவார்கள். ஈரமில்லாத மண்ணில் இடாதீர்கள். மாமரங்களைத் தற்போது தொட வேண்டாம். பூக்கும் காலம் இது.

கேள்வி கேட்டவர் – கிழக்கு வேலி

இருவருக்கும் நன்றி. வாளி நிரம்ப 31 வினாடிகள் ஆயின, ஆகவே மணிக்குச் சுமார் 2,300 லிட்டர்தான் வருகிறது; இரண்டு முறையாகப் பிரித்து ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். நேற்று அப்பாவின் கட்டிலருகே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். எந்த வரிசையில் எந்த மரம் எப்போது நட்டது, எது பாளை சிறுத்தது என்று படுத்தபடியே 160 மரங்களையும் சொன்னார். முடிக்க இரவு ஒன்பதரை ஆயிற்று. அவர் சொன்னபடி சுற்றிவந்தபோது, வடக்கு வரிசையில் இரண்டு மரங்களின் தண்டில் துளை விழுந்து பழுப்பு நீர் வடிவதைக் கண்டேன். வெட்டிவிட வேண்டுமா?

மறுமொழி – வேலந்தாவளம் பெரியவர்

அது சிவப்புக் கூன்வண்டு, தம்பி. தண்டில் ஏற்படும் காயத்தின் வாசனைக்குத்தான் அது வரும். இனிப் பச்சை ஓலை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டிலிருந்து நான்கடி விட்டு வெட்டச் சொல்லுங்கள், மரமேறுபவர் தண்டில் படி செதுக்க விடாதீர்கள். நடுக்குருத்து இன்னும் நிமிர்ந்து பச்சையாக இருந்தால் மரம் பிழைக்கக்கூடும், கிருஷி பவனிலிருந்து ஆளை வரவழைத்துக் காட்டுங்கள். குருத்து சாய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும் நிலையில் இருந்தால் தயங்காமல் வெட்டி, தண்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் புழுக்களோடு அன்றைக்கே எரித்துவிடுங்கள். விறகுக்காக வேலியோரம் போட்டுவைத்தால் அடுத்த மரத்துக்கு வண்டு அங்கிருந்துதான் புறப்படும்.